வாசனை இல்லாத கிண்ணம்

நான்காவது கிண்ணத்தில் வாசனையே இல்லை.

அவள் மூடியைச் சரித்து மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். முதல் கிண்ணத்தில் மழை விழுந்த மண்ணின் வாசனை, இரண்டாவதில் அப்போதுதான் நறுக்கிய வெள்ளரிக்காய், மூன்றாவதில் மீன் கழுவிய தண்ணீர். எல்லாமே நடைக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில், ஆளுயரக் கண்ணாடித் தொட்டிகளில் வளரும் பாசியிலிருந்து அன்று காலை எடுத்தவை. எந்தப் பாசி என்ன வாசனை விடுகிறது என்று முகர்ந்து சீட்டில் எழுதுவதற்குத்தான் அவளுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் சம்பளம்.

மூக்கு களைத்துப்போனால் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்துகொள்வார்கள். சொந்த உடம்பின் வாசனை யாருக்கும் தெரிவதில்லை. மூக்கு அங்கே போய்க் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வரும். அவளும் முழங்கையை முகர்ந்துவிட்டு, திரும்பவும் நான்காவது கிண்ணத்துக்கு வந்தாள். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ‘வாசனை இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள்.

மற்ற மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் குழுவில் மூத்தவர். அவரை எல்லோரும் பெரியமூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. "கிண்ணத்துக்குள்ள கையை விட்டியா?"

"இல்ல சார். அதுல ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணுமில்லையா! முழுசா நீதான் இருக்கே. உன் வேர்வை, உன் தலைமுடி, பால் குடுக்கறவங்ககிட்ட வர்ற அந்த இனிப்பு வாசனை. எட்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வேலைக்கு வரும்போது சோப்பு, பவுடர் எதுவும் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருத்தர் வாசனை இன்னொருத்தருக்கு மனப்பாடம். பாசிக்கு உன்மேல ஆசை வந்துடுச்சு என்று யாரோ கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெரியமூக்கு சிரித்துக்கொண்டே அவள் பக்கம் குனிந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"என்ன சார்?"

"உன்கிட்ட இன்னிக்கு ஒண்ணுமே வரலையேம்மா."

மதியம் பால் கொடுக்கப் போனாள். வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அதே கட்டடத்தில்தான். ஒன்பது மாதப் பிள்ளை. அவள் வாசலில் வரும்போதே, முகம் பார்ப்பதற்கு முன்பே, கைகாலை உதைத்துக்கொண்டு துள்ளுவான். இன்று சும்மா பார்த்தான். தூக்கி மார்பில் வைத்தாள். வாயைக் கொண்டுவந்தான், நின்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அந்நியர் கையில் மாட்டிக்கொண்டதைப் போலத் திமிறினான்.

"பல்லு முளைக்குதுல்ல, அந்த வலிதான்," என்றாள் ஆயா. "காலையில இருந்தே பட்டினி. புட்டிப்பாலையும் தொட மாட்டேங்கறான்."

பால் கட்டி மார்பு வலித்தது. ரவிக்கை நனைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பெற்ற பிள்ளை பசியோடு கதறுகிறான், அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சட்டென்று அவன் அழுகை அடங்கியது. தலையைத் தூக்கினான். குட்டி மூக்கு விடைத்தது. அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, கதவை நோக்கித் தவழ்ந்தான்.

"தொரை எங்கயோ கெளம்பிட்டாரு," என்று ஆயா சிரித்தாள்.

அவள் பின்னாலேயே போனாள். நடையைக் கடந்தான். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்றும், பச்சை வெளிச்சமும், தொட்டிகளில் ஓயாமல் குமிழி விடும் சத்தமும் இருந்தன. முதல் தொட்டியைத் தாண்டினான். மண் வாசனை. வெள்ளரிக்காய். மீன்.

நான்காவது தொட்டி. ஒன்றுமில்லை.

கண்ணாடியைப் பிடித்து எழுந்து நின்றான். இதுவரை அவன் நின்றதே இல்லை. வாயைக் கண்ணாடியில் பதித்தான்.

ஓடிப்போய்த் தூக்கினாள். அலறினான். அலறி அலறி மூச்சு நின்றது. உதடு நீலமாயிற்று. உலுக்கினாள். முதுகில் தட்டினாள். மூச்சு வரவில்லை. கை தானாகவே தளர்ந்தது. அவன் தரையில் இறங்கினான். மூச்சு வந்தது. மறுபடி கண்ணாடி. மறுபடி வாய்.

"அப்பாடா, அமைதியாயிட்டான்," என்றாள் வாசலில் வந்து நின்ற ஆயா. "அம்மாவோட இருந்தா சரியாப் போயிடும். உங்க வாசனை நடை வரைக்கும் வருதே."

ஆயா போய்விட்டாள். கூப்பிட வாயெடுத்தாள்.

உள்ளே பாசி நகர்ந்தது. தொட்டி முழுக்கப் பரவியிருந்த பச்சை மெல்ல மெல்லக் கூடியது. திரண்டது. அவன் வாய் இருந்த இடத்தில் வந்து அழுந்தியது.

மடக்கென்று ஒரு சத்தம்.

அவன் விழுங்கினான். இன்னொரு மடக்கு.

கண்ணாடியில் ஓட்டை இல்லை. கீறல்கூட இல்லை. அவன் தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயில் பச்சையாக ஒரு கோடு வழிந்தது. பசி அடங்கிய பிள்ளைக்கு வரும் தூக்கம் அவன் கண்களில் இறங்கியது.

கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பச்சை, பிள்ளையை மடியில் போட்டுத் தூங்கவைப்பவளைப் போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.