இருநூற்றுப் பதினேழாம் எண்

விரல் எலும்பில் எண் ஏற்கெனவே எழுதியிருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூவாயிரம் வருடம் மணலுக்கடியில் கிடந்த ஒரு நகரத்தின் கல்லறையில் கிடைத்த குழந்தையின் எலும்பு அது. ஏழு வயது இருக்கும் என்று அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெட்டியின் முத்திரையை இன்று காலை அவள்தான் உடைத்தாள். ஒவ்வொரு எலும்பிலும் கடுகளவு எழுத்தில் எண் போட்டு, மேலே வார்னிஷ் தடவுவது அவள் வேலை. புருஷன் செத்த இந்த எட்டு மாதமாக அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கை மட்டும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பவள் மகள் ஒருத்திதான். காலையில் கண் விழிப்பதே அவளுக்காகத்தான்.

எலும்பில் இருந்தது அவளுடைய கையெழுத்து. ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுகிற ஆள் அந்த ஆய்வுக்கூடத்திலேயே அவள் ஒருத்திதான்.

"டாக்டரம்மா, எனக்கு முன்னாடி யாராவது இந்தப் பெட்டியத் திறந்தாங்களா?"

"நீயே போட்டுட்டு மறந்திருப்ப. ஒழுங்காத் தூங்குறியா இல்லையா?" டாக்டரம்மா கதவருகே நின்றபடியே பெட்டியிலிருந்த தாடையெலும்பைக் காட்டினார். "பல்லு மட்டும் ஒண்ணுகூடக் கிடைக்கல, பாரு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வார்னிஷின் நெடியும் உலர்ந்த மண்ணின் வாடையும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ள, தலைக்கு மேலே குழல்விளக்கு சன்னமாக முனகிக்கொண்டிருக்க, அவள் விலாவையும் முழங்கையையும் குதிகாலையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எதிலும் எண் விட்டுப்போகவில்லை, கடைசியாகத் தாடையில் இருநூற்றுப் பதினாறு. வார்னிஷ் மஞ்சளாகி வெடித்திருந்தது. கல்லறை மண் அந்த வார்னிஷுக்கு மேலே படிந்திருந்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வந்தபாடில்லை.

நாலு மணிக்குப் பள்ளி வண்டி மகளை ஆய்வுக்கூட வாசலில் இறக்கிவிட்டது. மூடிய கையோடு ஓடிவந்தாள்.

"அம்மா, விழுந்திடுச்சு! ரத்தமே வரல தெரியுமா? வலிக்கக்கூட இல்ல."

"காட்டு."

உள்ளங்கையில் ஒரு பால் பல். எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை. பின்பக்கம் மஞ்சள் வார்னிஷ். அதற்கடியில் இருநூற்றுப் பதினேழு. அதே குறுக்குக் கோடு.

"வாயத் திற, கண்ணு."

"பக்கத்துப் பல்லும் ஆடுதும்மா."

அவள் மகளின் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். கீழ்வரிசைப் பற்களின் உட்பக்கம் பொடிப்பொடியாக மை. இருநூற்றுப் பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

"நாக்கத் தூக்கு."

மகள் தூக்கினாள்.

அடியில் மணல். துளி ஈரம் இல்லாத மணல்.