பின்னொளி

அடைக்கலமேரி முதலில் கவனித்தது ஒரு நட்சத்திரம் குறைந்திருப்பதைத்தான்.

இரண்டாம் நாள் இரவு, ஒன்பது மணி இருக்கும். மொட்டைமாடியில் நின்ற தொலைநோக்கியின் கேமராவிலிருந்து சன்னல் வழியாக இறங்கிவந்த ஒயர், அறையின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் முடிந்தது. திரையில் படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் படத்தின் பிரதியை அவள் மடியில் வைத்திருந்தாள். அதில் நடுவில் ஒரு புள்ளி, அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு நட்சத்திரம். இன்றைய படத்தில் புள்ளி இருந்தது. பக்கத்து நட்சத்திரம் இல்லை.

அந்தப் புள்ளிக்காகத்தான் முந்தின இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. முந்தின நாள் மாலை பேசின் பிரிட்ஜ் ரயில்வே டெலிபோன் அறையில் வேலை முடிந்து கிளம்பும்போது செல்போனுக்குச் செய்தி வந்தது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்திருக்கிறது. இருநூறு கோடி வருஷத்துக்கு முன் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் செத்தபோது வீசிய கதிர், இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அது அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் கரி கனன்றுகொண்டிருப்பதுபோல, வெடித்த இடத்தில் ஒரு பின்னொளி சில நாள் தங்கும். அது எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று அளப்பதற்காக உலகம் முழுக்கக் கொஞ்சம் பேர் கண்விழித்திருப்பார்கள். பெரிய ஆய்வுக்கூடத்துக்காரர்கள், பேராசிரியர்கள். அவர்களோடு விம்கோ நகரில் ஒரு மாடி வீட்டில், நாற்பத்து நான்கு வயதான அடைக்கலமேரி.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியை அவளும் கணவர் சவரிநாதனும் இரண்டு வருஷம் கையாலேயே தேய்த்து உருவாக்கினார்கள். அதில் சேர்ந்து நாலைந்து மாதம் பார்த்திருப்பார்கள். மஞ்சள் காமாலையில் அவர் போய் மூன்று வருஷமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. பகலில் யார் யாருக்கோ போன் இணைப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் குரல் வெளியே வருவது இரவு ஜெபத்தில் மட்டும்தான். அதையும் இப்போதெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிவிடுகிறாள்.

கேமரா கண்ணாடியில் தூசியாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். வடக்கே எண்ணூர் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன; கிழக்கே கருங்கல் கரையில் அலை மோதும் சத்தத்துக்கு அப்பால் நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாக மினுங்கின; மேற்கே மணலிப் பக்கம் வானத்தின் அடிவயிறு ஆரஞ்சாகக் கிடந்தது; கன்டெய்னர் லாரிகளின் உறுமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கேமராவைக் கால்வட்டம் திருப்பிவிட்டுக் கீழே வந்து மறுபடி படம் எடுத்தாள். தூசியாக இருந்தால் திரையில் அதே இடத்தில் நிற்கும். நிற்கவில்லை. வானத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பியிருந்தது.

உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நட்சத்திரம் மட்டும் மறையவில்லை. புள்ளியைச் சுற்றிக் கடுகளவுக்கு ஒரு கறுப்பு. நகர வெளிச்சத்தில் சாம்பல் நிறமாக இருக்கவேண்டிய வானம் அங்கே மட்டும் இல்லை. அதன் ஓரம் கலங்கலாக இருந்தது.

ஓரம் கலங்கினால் குவியம் சரியில்லை என்று அர்த்தம். ஏறிப்போய்க் குவியத் திருகை ஒரு மயிரிழை வெளியே இழுத்தாள். இறங்கி வந்து படம் எடுத்தாள். நட்சத்திரங்கள் எல்லாம் உப்பிப்போயின. கறுப்பின் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோலத் தெளிந்தது.

நட்சத்திரங்கள் எல்லாமே வெகு தூரத்தில் இருப்பதால் அவற்றுக்கு ஒரே குவியம்தான். கிட்டே இருக்கும் பொருளைப் பார்க்கத்தான் திருகை வெளியே இழுக்கவேண்டும். அப்படியானால் அது கிட்டே இருந்தது.

விடிந்ததும், திருகைத் தொடாமல், தொலைநோக்கியை எண்ணூர் புகைபோக்கியின் மேல் திருப்பினாள். செங்கல் செங்கலாகத் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பழைய காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டாள். ஒன்றரை மீட்டர் வந்தது. காத்தாடியாக இருக்குமோ என்று நினைத்தாள். நாலு மணி நேரம் வானம் மேற்கே சாய, தொலைநோக்கி கூடவே திரும்ப, ஒரு காத்தாடி அந்தப் புள்ளிக்கு முன்னாலேயே நின்றிருக்குமா? தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, போகும் வழியில் இரவின் அளவை மெயிலில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் ஹைரோட்டில் சௌக்கத் அலியின் பிரௌசிங் சென்டரில் மெயிலைத் திறந்தாள்.

"வெளிநாட்டுக்காரன் இன்னிக்கும் உன்ன மிஸ்டர் மேரின்னுதான் போட்டுக்கீறான்" என்றான் சௌக்கத், பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஒயரைச் சொருகிக்கொண்டே. "நீ லேடிஸுன்னு ஒரு வார்த்த எழுதக்கூடாதாக்கா?"

"எழுதி இன்னா ஆவப்போவுது? அளவு சரியா இருந்தா போதும் அவருக்கு."

அளவு சரியாக இல்லை. மற்ற எல்லோரும் பின்னொளி பாதியாக மங்கிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய அளவில் மட்டும் அது முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. எல்லோருடைய அளவையும் சேர்க்கும் குழுவை நடத்துகிற அந்த வெளிநாட்டுக்காரர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: திரும்பச் சரிபார்க்க முடியுமா? நீங்கள் காணவில்லை என்று சொல்லும் நட்சத்திரம் எங்கள் எல்லோருடைய படத்திலும் இருக்கிறதே?

மூன்றாம் நாள் இரவு கறுப்பு ஐந்து மடங்கு பெரிதாகியிருந்தது.

ஒன்பது நட்சத்திரங்கள் இல்லை. தொலைநோக்கியை வானத்தின் வேறு பக்கம் திருப்பினாள்; அங்கே எல்லாம் இருக்கவேண்டியபடி இருந்தது. திரும்பக் கொண்டுவந்தாள். கறுப்பு அங்கேயே இருந்தது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தது. நடுவில் புள்ளி, அதற்கு முன்னால் எதுவும் மறைக்காததுபோல. அந்தக் கறுப்பு எல்லாவற்றையும் மறைக்கிறது. புள்ளியை மட்டும் ஏன் மறைக்கவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். குவியத் திருகை இழுத்து ஓரம் தெளிந்த இடத்தில் விட்டு, தொலைநோக்கியைக் கிடைமட்டமாகச் சாய்த்தாள். மூடிப்போன தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் படர்ந்த துரு, துல்லியமாகத் தெரிந்தது.

ஒரு கிலோமீட்டர். இந்த முறையும் கணக்குப் போட்டாள். இப்போதும் ஒன்றரை மீட்டர்தான்.

ஒரு மணிக்கே எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுத்தாள். பார்க்காமல் இருந்தால் போய்விடும் என்று சின்னப் பிள்ளைபோல நினைத்துக்கொண்டாள்.

காலையில் குழாயடியில் கீழ்வீட்டுக் கெங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். "மேரிக்கா, பழைய கம்பெனி தண்ணித்தொட்டில வேல நடக்குதா இன்னா?"

"ஏன்?"

"எங்கூட்டுக்காரரு ஷிப்ட் முட்ச்சிகினு ரெண்டு மணிக்கு வந்தாரு. தொட்டிக்கு மேல, ஒசரத்துல, வெள்ளையா சின்னதா ஒரு லைட்டு நின்னுகினு இருந்துச்சாம். வெல்டிங் போல கீதேன்னு பாத்தாராம். ஆனா சத்தமே இல்லியாம்." குடத்தை இறக்கி வைத்துவிட்டு மேரியின் முகத்தைப் பார்த்தாள். "இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கீது? தனியா படுத்துகினு ஏன் கஷ்டப்படுற? ராத்திரிக்கு எங்கூட்ல வந்து படுத்துக்கோ. பசங்க கூடத்துல படுத்துக்கும்."

"நாளைக்கு வரேன் கெங்கா."

"இன்னிக்கு இன்னா?"

மேரி தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள். அன்று மாலை வந்த மெயிலில், எல்லா ஊரிலும் மேகம், உலகம் முழுக்க இன்றிரவு திறந்த வானம் உங்களுக்கு மட்டும்தான் என்று எழுதியிருந்தது. நான்காம் நாள் அளவு இல்லாவிட்டால் இவ்வளவு உழைப்பும் பாதியில் நிற்கும். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தக் கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள். இந்த மூன்று வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

இருட்டியதும் மாடிக்குப் போய், அண்ணாந்து பார்க்காமல், கையால் தடவியே தொலைநோக்கியைத் தயார் செய்தாள். குவியத்தை நட்சத்திரங்களுக்கான அடையாளத்தில் வைத்தாள். மோட்டாரை ஓடவிட்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி விட்டுவிட்டு இறங்கினாள். மாடிக்கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். பூட்டும் போட்டாள். ஒயர் போகும் சன்னலை முடிந்தவரை இழுத்து மூடிவிட்டு, சுவரைப் பார்த்துக் கிடந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் படத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை.

முழுக்கக் கறுப்பு. நடுவில் புள்ளி. முதல் நாளைவிடப் பிரகாசமாக.

மூடியைக் கழற்ற மறந்துவிட்டோமோ என்று நினைத்தாள். மூடி இருந்தால் புள்ளி எப்படித் தெரியும்? இரண்டாவது படம் வரி வரியாக இறங்கியது. புள்ளி கொஞ்சம் உப்பியிருந்தது. மூன்றாவதில் அது சின்ன வளையமாகியிருந்தது. தூரத்துக்கென்று குவியம் வைத்த தொலைநோக்கியில் கிட்டே இருக்கும் விளக்கு அப்படித்தான் விழும். கிட்டே வர வர வளையம் விரியும். அவளுக்கு அந்த அளவுகள் மனப்பாடம். லீவு நாள் பகல்களில், பொழுதுபோகாமல், ஊரிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அளந்து வைத்திருந்தாள்.

இந்த வளையம், அடுத்த தெரு செல்போன் கோபுரத்தின் தூரம்.

இரண்டு நிமிஷம். அடுத்த படம். கோயில் மணிக்கூண்டு.

வெளியே லாரிச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அலையும் இல்லை. கெங்கம்மா வீட்டு டிவியும் இல்லை. சூடான தார்ரோட்டில் நாலு துளி மழை விழுந்தால் எழும் வாடை, சன்னல் இடுக்கு வழியாக, மெல்ல உள்ளே வந்தது. மழை இல்லை. காற்றும் இல்லை.

எழுந்து கீழே ஓடிவிடலாம். ஆனால் கீழே இறங்கும் படிக்கு மாடிக்கதவுக்கு முன்னால் நடந்துதான் போகவேண்டும்.

அடுத்த படம். எதிர்வீட்டு மாடி.

"அருள் நிறைந்த மரியே" என்று வாய்விட்டு ஆரம்பித்தாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த படம் வர ஆரம்பித்தது. முதல் வரி வெள்ளை. இரண்டாம் வரி வெள்ளை. மூன்றாம் வரி. முழுத்திரையும் வெள்ளை. அவள் மேசைமேல் இருந்த பேனாவின் நிழல் அவளை நோக்கி நீண்டு விழுந்தது.

மேலே சத்தம் எதுவும் இல்லை. காலடி இல்லை. பூட்டு ஆடவில்லை. மோட்டாரின் முனகல் மட்டும், சீராக. பிறகு அதுவும் நின்றது.

கரண்ட் போய்விட்டது.

திரை சுருங்கி அணைந்தது. அறை முழுக்க இருட்டு. திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தங்கியது. பழைய மானிட்டர் அப்படித்தான். அணைத்தபின் சில நொடி ஒரு புள்ளி நிற்கும், பிறகு மங்கிப் போய்விடும். அவளுக்குத் தெரியும். தினமும் பார்க்கிறாள்.

எண்ண ஆரம்பித்தாள். ஐந்து. பத்து. இருபது.

மங்கவில்லை.

முப்பது.

வலது உள்ளங்கையை விரித்துத் திரையின் கண்ணாடிமேல் வைத்தாள். புள்ளியை மூடினாள். கண்ணாடி சூடாக இருந்தது.

புள்ளி மறையவில்லை.

அது அவள் புறங்கையின்மேல் இருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து விழுந்துகொண்டிருந்தது.