மூலங்காட்டி சொன்ன பெயர்

மூலங்காட்டியின் திரையில் பெயர் வர நாற்பது நொடி ஆகும். நெஞ்சுநோய் வார்டு நர்ஸ் ஹெப்சிபா அதுவரை நிம்மதியாகத்தான் நின்றாள். பதினொரு வருடம் காசநோயாளிகளைப் பார்த்துக்கொண்டவளுக்குக் காசநோய் வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் வேண்டுமா?

சளியிலுள்ள கிருமியின் மரபுத்தடத்தைப் படித்து, அது யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்லும் கருவி அது. நோயாளியின் பெயர் வந்தால் 'பணிநோய்'. சிகிச்சையும் வேலையும் உறுதி. வேறு பெயர் வந்தால் 'சொந்த நோய்'; வேலை போய்விடும். இந்தக் கருவி வேண்டுமென்று வெயிலில் உட்கார்ந்து போராடியதே ஹெப்சிபாவின் சங்கம்தான்.

திரையில் வந்த பெயர் பேச்சித்தாய்.

அதே வார்டு நர்ஸ். தினமும் மதியம் ஜன்னலில்லாத உடைமாற்றும் அறையில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு இருவரும் ஒரே டிபன் கேரியரைப் பிரிப்பார்கள். நர்ஸுகள் சாப்பிட ஆஸ்பத்திரி ஒதுக்கிய இடம் அது ஒன்றுதான்.

"நர்ஸ்கிட்டருந்து நர்ஸுக்கு வந்தா பணிநோய்ல சேராது சிஸ்டர்," என்றார் கண்காணிப்பாளர் தர்மலிங்கம்.

"அவளுக்கு யாருகிட்டருந்து வந்துச்சுன்னு பாருங்க சார்!"

"கருவி ஒரு படிதான் பாக்கும். நீங்க கேட்டதுதானே?"

ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். விட்டால் வீட்டுக் கதையெல்லாம் அம்பலமாகும் என்று பயந்து, ஒரு படிக்கு மேல் தோண்டக் கூடாதென்று சங்கமே எழுதி வாங்கியிருந்தது. கீழே ஹெப்சிபாவின் கையெழுத்து.

பேச்சித்தாய் உடைமாற்றும் அறையில் கேரியரோடு காத்திருந்தாள்.

"ஏட்டி, உனக்கு நோய் இருக்குன்னு தெரியுமா?"

"மூணு வாரமாத் தெரியும்க்கா. பதினாலாம் பெட்டு தாத்தா பேரைத்தான் காட்டிச்சு. வேலைக்கு ஆளில்ல, வெளிய சொன்னா பணிநோய்னு கையெழுத்துப் போடமாட்டேன்னு தர்மலிங்கம் சார் சொல்லிட்டாரு."

"எங்கூட உக்காந்து சோறு திங்கும்போதுகூடவா சொல்லத் தோணல?"

பேச்சித்தாய் அழுதாள். "தனியாத் தின்னா நீ கண்டுபிடிச்சிருவியேன்னுதான்க்கா கூடவே உக்காந்தேன்."

ஹெப்சிபா கேரியரைத் தொடாமல் வெளியே நடந்தாள். அந்த அறையில் சாப்பிடும் எல்லோரையும் சோதிக்க வைத்தாள். வாரக் கடைசியில் பட்டியல் வந்தது. இவர்கள் இருவரைத் தவிர இன்னும் ஐந்து நர்ஸுகளுக்கு நோய். ஐந்தும் சொந்த நோய். மூன்று பெயர்களுக்கு எதிரே பேச்சித்தாய். இரண்டு பெயர்களுக்கு எதிரே ஹெப்சிபா.

அந்த இருவரும் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரைக் காட்ட அதில் இடமே கிடையாது. அதைக் கேட்டு வாங்கச் சங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை.