வெளியே பூட்டிய பகல்

கண் விழித்ததும் அவளுக்கு முதலில் உறைத்தது, காலில் கயிறு இல்லை என்பதுதான். கம்பித் தொட்டிலின் கயிற்று நுனியைக் கால் கட்டைவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டுதான் தரையில் படுத்திருந்தாள். அவள் தூங்கினாலும் கால் தூங்காது, ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆறு மாதப் பழக்கம். இப்போது கயிறு தொட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, யாரோ தன் கைக்கு வாகாக இழுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி கிடந்தது.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மணியைப் பார்த்தாள். மகள் குண்டு மூன்று மணி நேரம் தூங்கியிருந்தாள்! அந்தச் சந்தோஷத்தில் கயிறு மறந்துபோயிற்று.

மறக்காமல் என்ன செய்யும்? பகலில் நாற்பது நிமிடத்துக்கு மேல் கண் மூடாத குழந்தை அது. அவளுக்கோ நூல் மில்லில் இரவு ஷிப்டு. போன வாரம் விடியற்காலையில் நின்றபடியே கண் செருகி, சட்டைக் கை உருளைக்குள் போய்விட்டது. பக்கத்து மெஷின் அக்கா பாய்ந்து சுவிட்சைத் தட்டியதால் சட்டையோடு போயிற்று.

"அடுத்த தடவை கையே போயிடும்டி," என்றாள் அக்கா. "பகல்ல தூங்குறியா இல்லியா?"

"அவ விட்டாத்தானே அக்கா. நாப்பது நிமிஷம் ஆனா அலாரம் வச்ச மாதிரி எந்திரிச்சிடுறா."

"உம் பொண்ணு பெரிய சூப்பர்வைசரா வருவா போ. யாரையும் தூங்க விடமாட்டா." சிரித்துவிட்டு அக்கா வழி சொன்னாள். அறையை இருட்டாக்கு. ஒரே மாதிரி சத்தம் ஏதாவது ஓடட்டும். "நாப்பதாவது நிமிஷம் அசையும் பாரு, உடனே தூக்கிடாத. நெஞ்சுல கைய வச்சு மெதுவா தட்டு. மறுபடியும் அமுங்குற வரைக்கும் கைய எடுக்காத."

அப்படியே செய்தாள். ஜன்னலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒட்டினாள். பழைய டேபிள் ஃபேன் கடகடவென்று ஓடியது. மூட்டை தூக்கப் போகிற புருஷன் தன் பங்குக்கு ஒரு யோசனை செய்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டு. பூட்டைப் பார்த்தால் எவனும் கதவைத் தட்டமாட்டான். நாலு மணிக்கு அவனே வந்து திறப்பான்.

அன்று அவன் வந்ததும் கேட்டாள். "நடுவுல வந்து தொட்டில ஆட்டினீங்களா?"

"நானா? நான் லாரி மேல, சாவி என் பையில. பறந்தா வர்றது? புள்ள தூங்கினா சந்தோஷப்படும்மா. அதுக்கும் ஒரு விசாரணையா?"

மறுநாள் அவள் தூங்குவதில்லை என்று முடிவு செய்தாள். கயிறு அவிழக் கூடாதென்று மில் முடிச்சாகப் போட்டாள். அறுந்த நூலைச் சேர்க்கிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே ஒழிய அவிழாது. குழந்தையின் மேலிருந்து பால் வாசனையும், தன் தலைமுடியிலிருந்து பஞ்சும் எண்ணெயும் கலந்த வாசனையும் வர, அட்டைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே நூலளவு வெளிச்சம் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு நிமிடம். முப்பத்தொன்பது. தொட்டிலுக்குள் துணி சரசரத்தது. குண்டு முனகினாள். எழுந்து போய்க் கை வைக்கலாம் என்று அவள் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

கரண்டு போயிற்று. கடகடவென்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது.

தட்.

தட்.

தட்.

மெத்தென்ற சத்தம். துணி மேல் உள்ளங்கை விழுகிற சத்தம். முனகல் அமுங்கிப்போயிற்று.

ஃபேன் சத்தத்துக்கு அடியில் இத்தனை நாளும் இது இருந்திருக்கிறது.

"யாரு?" என்றாள். அப்போதும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள், குழந்தை எழுந்துவிடுமே என்று. தன் மேலேயே எரிச்சல் வந்தது. எழட்டும். வீறிட்டு அழட்டும். அழுடி குண்டு, அழு.

கயிறு விறைத்தது. இழுத்தது அவளல்ல. அவள் கால் தரையிலிருந்து எழும்பியது. முடிச்சைப் பிடித்துப் பிய்த்தாள், நகம் மடங்கியது. எத்தனை ஆயிரம் தடவை போட்ட முடிச்சு! ஒரு தடவைகூட அதை அவிழ்க்கக் கற்றுக்கொண்டதில்லை. இன்னொரு இழுப்பு. மல்லாந்து விழுந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "பூட்டிக் கெடக்கு பாருங்க. ஆள் இல்ல. பார்சலை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

இருக்கிறேன், உள்ளேதான் இருக்கிறேன் என்று வாயைத் திறந்தாள்.

நெஞ்சின் மேல் கை விழுந்தது.

கனமான கை. ஈரத் துணி மாதிரி சில்லென்று. விரல்கள் இந்த விலாவிலிருந்து அந்த விலா வரை எட்டின. கத்தல் உள்ளேயே நசுங்கிப்போயிற்று. செருப்புச் சத்தம் தூரப் போயிற்று.

தட். தட். தட்.

நூலளவு வெளிச்சம் சுவர் ஏறியது. உடம்பு அமுங்கியது. அசைந்தால் தட்டல். கை மட்டும் விலகவேயில்லை. கை, கால், நாக்கு. ஒவ்வொன்றாகத் தூங்கிப்போயின. கண் மட்டும் திறந்திருந்தது.

நாலு மணி. சாவி திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்தது.

பாருங்க. கதவை முழுசாத் திறங்க. ஒரே ஒரு அடி உள்ள வாங்க.

வெளிச்சம் அவள் முகத்துக்கு எட்டவில்லை. தொட்டிலின் மேல் விழுந்தது. கம்பிகளுக்கு நடுவே குண்டுவின் முகம் தெரிந்தது. கண் விரியத் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தமில்லை. நெஞ்சின் மேல் இன்னொரு கை. அங்கே அது கழுத்துக்குக் கீழே குழந்தை முழுவதையும் மூடியிருந்தது.

வாசலில் அவன் வெயிலிலிருந்து வந்த கண்ணைச் சுருக்கி இருட்டைப் பார்த்தான். ஆடுகிற தொட்டில். தரையில் படுத்திருக்கிற கால்கள். காலில் கயிறு. அவன் சிரிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டும் அசந்து தூங்குதுங்க," என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தான். "தூங்கட்டும், பாவம்."

கீல் கிறீச்சிடாமல் கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்தினான். வெளியே பூட்டு விழுந்தது.

தட்.

தட்.