இடங்காப்பானுக்கு அரை டிக்கெட்

பல் துலக்குவதற்கு முன்பே அரியமுத்து தன் இடங்காப்பானை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டான். செவ்வாய்க் கிரகத்தின் செந்நிலம் நகரில் இது அடுப்பில் பால் வைப்பது மாதிரி அன்றாட வேலை. இடுப்புயர எந்திரம் அது. பேசத் தெரியும், உட்காரத் தெரியும். வண்டி வந்து நின்றதும் ஏறி ஓர் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். உரியவர் எதிரே வந்து நின்றால் மரியாதையாக எழுந்து இறங்கிவிடும்.

விண்கப்பல்கள் நிற்கும் விண்துறைக்குப் புதுத்தடம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய மணலூர்தி ஆடி அசைந்து ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த தூரத்தை இந்தக் குழாய் ரயில் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்தது. அந்த வேகத்தில் நின்றுகொண்டு போனால் எலும்பு மிஞ்சாது. அதனால் காலி இருக்கை இருந்தால்தான் பெட்டியின் கதவே திறக்கும். இடங்காப்பானுக்கு அரை டிக்கெட், மாதப் பாஸ் எடுத்தால் அதிலும் தள்ளுபடி என்று நிர்வாகம் அறிவித்தது. நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தனக்கு ஒன்று, பைக்கு ஒன்று, வந்தாலும் வருவார் என்று மச்சானுக்கு ஒன்று என வாங்கிக் குவித்தார்கள்.

அரியமுத்து ஒன்றுதான் வைத்திருந்தான். அன்றைக்கு அவன் நிலைகொள்ளாமல் தவித்தான். மூன்று சட்டை மாற்றி, கடைசியில் முதலில் போட்டதையே போட்டுக்கொண்டான். அவன் மனைவி நாகவல்லி வியாழனின் பனி நிலவொன்றில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறாள். வீட்டுக்கு அல்ல. பூமிக்கு மாற்றல், இன்னும் மூன்று வருடம். நடுவில் கப்பல் இங்கே விண்துறையில் ஒரு மணி நேரம் நிற்கும். நான்கு வருடமாகத் திரையில் மட்டும் பார்த்த முகம். அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

நடைமேடைக்குப் போனபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவுகள் மூடியிருந்தன. வெளியே கூட்டம், உள்ளே வரிசை வரிசையாக இடங்காப்பான்கள். கப்பல் வரும் நாள் என்பதால் ஊரே எந்திரங்களை அனுப்பியிருந்தது.

"இருக்கைகள் நிரம்பிவிட்டன. பயணம் இனிதாகட்டும்" என்றது ஒலிபெருக்கி.

"என்னங்க இது? என்னோட எடத்துல என் எந்திரம்தானே உக்காந்திருக்கு!" என்று கத்தினார் பெரிய பெட்டியோடு நின்ற ஒருவர்.

எல்லோருக்கும் அதே கதைதான். ஆள் உள்ளே போனால்தான் எந்திரம் எழும். எந்திரம் எழுந்தால்தான் ஆள் உள்ளே போகலாம். அரியமுத்து கதவிலிருந்து நான்காவது ஆளாக நின்றான். மணிக்கட்டுப் பட்டையில் 'எழுப்பு' என்ற பொத்தான் மினுங்கியது. அதை அழுத்தினால் அவனுடைய எந்திரம் இறங்கிவிடும், கதவும் திறக்கும். ஆனால் உள்ளே போவது முதலில் நிற்கும் ஆள். தன் இடத்தை எவனுக்கோ தாரை வார்ப்பதா? அதுவும் இன்றைக்கா? விரல் பொத்தான் வரை போய்த் திரும்பியது.

பக்கத்திலிருந்த பெண்ணிடம், "அம்மா, உங்களுத எழுப்புங்களேன். கதவு திறக்கட்டும்" என்றான்.

"ஏன், நீங்க எழுப்புங்களேன்."

"எனக்கு அவசரம்மா. என் சம்சாரம் வந்திருக்கா."

"நான் மட்டும் பொழுது போகாமயா வந்திருக்கேன்? முன்னாடி நிக்கிறாரே, அவரை எழுப்பச் சொல்லுங்க."

முன்னால் நின்றவர் காது கேட்காதவர் போல மேலே பார்த்துக்கொண்டார். அவருக்குப் பயம், பின்னாலிருப்பவன் முண்டிவிடுவானோ என்று. கூச்சல் வளர்ந்தது. ஆளாளுக்கு அடுத்தவரின் மணிக்கட்டைக் காட்டிக் கத்தினார்கள். ஒரு கணம், அழுத்திவிடலாம் என்றே அரியமுத்து நினைத்தான். அதற்குள் யாராவது அழுத்திவிட மாட்டார்களா என்றும் நினைத்தான்.

வண்டி கிளம்பிவிட்டது. ஓர் உயிர்கூட இல்லாமல், ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல்.

நிலைய அதிகாரி தலையில் அடித்துக்கொண்டே வந்தார். "ஒருத்தர் எழுப்பியிருந்தாக்கூடப் போதுமேய்யா! கதவு திறந்திருக்கும். உள்ள போனவர் தன்னோடத எழுப்பியிருப்பார், அந்த எடத்துக்கு அடுத்தவர் போயிருப்பார். இப்படியே எல்லாரும் ஏறியிருக்கலாம். வண்டியில இருக்கிற எடத்துல பாதிகூட இல்லை நீங்க!"

அடுத்த வண்டி சாயங்காலம்தான். கேட்டவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே சாயங்கால வண்டிக்கு இடம் பிடிக்க வீட்டிலிருந்த மற்ற எந்திரங்களைக் கூப்பிட்டார்கள்.

அரியமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அழுதான். இருபது நிமிடம் கழித்து மணிக்கட்டுப் பட்டை துடித்தது. பேசியது அவனுடைய இடங்காப்பான்.

"சார், கடைசி நிலையம்னு இறக்கி விட்டுட்டாங்க. காத்திருப்புக் கூடத்துல அம்மா இருக்காங்க. அவங்க பக்கத்து நாற்காலியில உங்களுக்கு இடம் பிடிச்சு உக்காந்துட்டேன். மூணு பேர் வந்து கேட்டாங்க சார். ஆள் வருதுன்னு சொல்லிட்டேன்."

பின்னால் நாகவல்லியின் குரல் கேட்டது. "என்னங்க, எங்க இருக்கீங்க? இங்க ஒரு வயசானவர் ரொம்ப நேரமா நின்னுக்கிட்டிருக்கார். நீங்க வரலைன்னா இந்த எடத்தை அவருக்குக் குடுத்துடட்டுமா?"

வர வழியில்லை என்று அரியமுத்துவுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"குடுத்துடாதே" என்றான். "பிடிச்சு வை."