தட்டிவிட்டு உள்ளே வரவும்

"இப்ப வேணாம். அப்புறம் வாங்க" என்று அறைக்குள்ளிருந்து சிறுமி சொன்னாள்.

கூடத்தில் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிய வளர்ப்புத் தாயின் கை அப்படியே நின்றது. அவள் கதவைத் தட்டவே இல்லை. லாரி ஓட்டும் கணவன் ஊரில் இல்லை. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

தட்டாமல் எந்தக் கதவையும் திறப்பதில்லை என்பது இந்த வீட்டில் சிறுமிக்காகவே வந்த வழக்கம். காப்பகத்திலிருந்து வளர்க்கக் கூட்டிவந்த புதிதில் அவள் கட்டிலுக்கடியில்தான் தூங்குவாள். கதவு அசைந்தாலே சுருண்டுகொள்வாள். முன்பிருந்த வீட்டில் தாய்மாமன் திடுதிப்பென்று உள்ளே வந்து, அவளை இழுத்து அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுவானாம். காப்பகத்தில் சொன்னார்கள். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் தட்டினார்கள், காத்திருந்தார்கள், "வேணாம்" என்றால் திரும்பிப் போனார்கள். "மேனேஜர் அம்மா, உள்ள வரலாமா?" என்று கணவன் கைகட்டி நிற்பான். மெல்ல மெல்லப் பிள்ளைக்குக் குரல் வந்தது. கட்டில்மேல் தூங்கினாள். வகுப்பில் கை தூக்கிப் பதில் சொன்னாளாம். பெற்றவளுக்குக்கூட அப்படியொரு பெருமை இருந்திருக்காது.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அறை வாசலுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. சாக்கடை நிரம்பி ஓடும் இரைச்சலும், மாடிக் குழாயின் சொட்டுச் சத்தமும், சூடான துணியின் வாசனையும், அதற்கடியில் இன்னொன்றும்: ஈர மரத்தில் ஊறிய சிகரெட் நாற்றம். இந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை.

டொக். டொக்.

மரத்தில். அறைக்கு உள்ளே.

"வேணாம்னு சொன்னேன்ல?" என்றாள் சிறுமி, பெரிய மனுஷி மாதிரி. சத்தம் அடங்கியது.

இவள் கதவைத் தட்டினாள். "கண்ணு, யாரு உள்ள?"

"மாமா. அலமாரியில இருக்காரு. பயப்படாதீங்கம்மா."

அம்மா. முதல் தடவையாக. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு ஏங்கியிருப்பாள்! இப்போது அது காதில் விழுந்தபோது உடம்பு சில்லிட்டது. பிள்ளையைக் கொடுமைப்படுத்தியதற்காக உள்ளே போன மாமன் சிறையிலேயே செத்துப்போனதாகக் காப்பகத்து அதிகாரி போன வாரம்தான் போனில் சொன்னார். பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.

"முன்னல்லாம் தட்டவே மாட்டாரு. நான்தான் கத்துக்குடுத்தேன், நீங்க செய்ற மாதிரியே. நான் வாங்கன்னு சொன்னாதான் வரணும். இப்பல்லாம் சொன்னாக் கேக்குறாரு."

"நான் உள்ள வரட்டுமா தங்கம்?"

"கொஞ்சம் இருங்கம்மா. நான் பேசிக்கிறேன்."

இருக்க வேண்டும். கொடுத்த வாக்கு அது. ஆனால் எங்கோ ஒரு கீல் முனகியது போலிருந்தது. சிகரெட் நாற்றம் கூடியது. பிள்ளை உள்ளே. தனியாக. அவனோடு.

தட்டவில்லை. கேட்கவில்லை. தள்ளித் திறந்தாள்.

கதவு சுவரில் மோதி அதிர்ந்தது.

அலமாரி மூடித்தான் இருந்தது. அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற சிறுமி திரும்பினாள். முகத்திலிருந்த தைரியமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துபோனது. காலோடு ஈரம் இறங்கித் தரையில் பரவியது.

"நீங்களும் தட்டலையே" என்றாள்.

"கண்ணு, அம்மா தெரியாம..."

"அவரு பாத்துட்டாரு."

அலமாரிக் கதவு தட்டாமலே திறந்தது. தொங்கிய சின்னச் சின்ன உடைகளை ஒதுக்கிக்கொண்டு ஒரு பெரிய கை வெளியே வந்தது, நிதானமாக, பிள்ளையின் பின்கழுத்தைத் தேடி.