மிதவைகளை வெட்டியது யார்?

பழவேற்காடு கடைத்தெருவில் சாதிக்கின் செல்போன் கடைக்கு மேல்மாடிதான் அவன் அக்கா ருமானாவின் வீடு. சென்னையில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கப்பல் சேதங்களை ஆராய்ந்து வந்தவள் அவள். அந்த வேலையை விட்டு ஊர் திரும்பிய பின்பும், சிக்கல் என்றால் ஆட்கள் படியேறி வந்தார்கள்.

அன்று காலை வந்தவள் சுதா, ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்கள் சங்கத் தலைவி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எங்களத் திருடனுங்கன்னு சொல்லிட்டாங்கக்கா!"

விஷயம் இதுதான். ஏரித் தீவுக்குப் பின்னால் மீனும் இறாலும் குஞ்சு பொரிக்கும் இடம் இருக்கிறது. அதைப் பாதுகாக்க வெளிநாட்டு நிதி வருகிறது. ஓர் அறக்கட்டளை அதைக் கையாள்கிறது. அங்கே வலை போடுவதில்லை என்று குப்பத்தார் சம்மதித்திருந்தார்கள். எல்லை காட்ட அறக்கட்டளை மிதவைகள் கட்டியது. உள்ளே திருட்டுத்தனமாக வலை போட அவற்றைக் குப்பத்தார் வெட்டிவிட்டதாக அதன் மேலாளர் விஜய் இப்போது குற்றம் சாட்டுகிறான். நிதி தரும் அமைப்பின் அதிகாரி ஜோயல் இடத்தைப் பார்க்க வந்திருக்கும் நேரம் வேறு.

"இந்தக் கரையில யாருமே மீன் புடிக்கக் கூடாதுன்னு தடை போடணுமாம். நாங்க இன்னா பண்றது?"

"உங்க ஆளுங்க யாராவது அந்தப் பக்கம் போனாங்களா?"

"ஒருத்தரும் போகல. மிதவை இன்னா கலருன்னுகூட எங்களுக்குத் தெரியாது. தீவு மறைக்குது. குஞ்சு வளர்ற எடத்துல கை வெச்சா எங்க சோத்துல நாங்களே மண்ணு போட்டா மாதிரி."

ருமானா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். கடையைப் பூட்டிவிட்டுச் சாதிக்கும் அவர்களோடு கிளம்பினான்.

அறக்கட்டளையின் முற்றத்தில், பூட்டிய சாமான் கொட்டகைக்கு முன்னால், ஆரஞ்சு நிற மிதவைகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இரும்புக்குழாய். அதில் வெட்டுண்ட கயிறு. ஜோயல் நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர். பக்கத்தில் விஜய் நின்றான்.

"எப்ப கட்டினீங்க?" என்றாள் ருமானா.

"போன மழைக்கு முன்னாடி. ஒரு நாள்கூட வெளியே எடுக்கல. நேத்து சாயங்காலம் ரோந்து போனப்போதான் அறுந்து மிதந்தது. அள்ளிட்டு வந்தோம்."

"கழுவினீங்களா?"

"சாட்சியாச்சே மேடம்! யாரும் தொடல."

சாதிக் கயிற்றின் நுனியைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, சுத்தமா வெட்டியிருக்கு. மீன் வெட்டற கத்திதான்! அதோட இங்க பாரு, குழாய்க்குள்ள குளவிக்கூடு." கூட்டை விட்டுவிட்டு மறுபடியும் கயிற்றையே பிடித்துக்கொண்டான்.

ருமானா குனிந்து அந்தக் குழாயை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மிதவையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"சுதா, உங்க படகு கட்டற கழி ஒண்ணைப் பிடுங்கிட்டு வா."

சுதா கொண்டுவந்த கழியிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டியது.

"தொட்டுப் பாருங்க சார்."

ஜோயல் விரலை ஓட்டிவிட்டுச் சட்டென்று எடுத்தார். கழி முழுக்கச் சிப்பி அப்பியிருந்தது. விரலில் ஒரு கீறல்.

"இந்தத் தண்ணியில எது நின்னாலும் பாசியும் சிப்பியும் ஏறிடும்" என்றாள் ருமானா. "இந்த மிதவைகள் மழைக்கு முன்னாடியிருந்து ஏரியில இருந்ததா சொல்றார். கழுவலையாம், யாரும் தொடலையாம். அப்படின்னா சிப்பி எங்கே?"

விஜய் வாய் திறப்பதற்குள் அவள் குழாயைக் காட்டினாள். "மிதவை மிதக்கும்போது இந்தக் குழாய் தண்ணிக்குள்ள இருக்கும். குளவி தண்ணிக்குள்ள மண்கூடு கட்டாது. கட்டின கூடு நனைஞ்சா கரைஞ்சுடும். இதுல ஒரு விரிசல்கூட இல்ல. போட்டோவுக்காக ஒருவேளை ஏரியில இறக்கியிருக்கலாம். அப்புறம் இவை கொட்டகையிலதான் கிடந்திருக்கு."

"அப்போ வெட்டினது?" என்றான் சாதிக்.

"இவரேதான், கொட்டகையிலயே. சார் எல்லையைப் பார்க்கணும்னு கேட்டார். அங்கே எல்லையே இல்ல. யார் தலையிலயாவது பழியைப் போட்டாகணுமே. சொன்ன வாக்கைக் காப்பாத்தி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஜனங்க வாகா மாட்டினாங்க."

விஜய்யின் கண் கொட்டகைப் பூட்டின் பக்கம் போனது. "மேலிடத்துல படம் மட்டும்தான் கேட்டாங்க" என்று முனகினான்.

ஜோயல் முகம் இறுகியது. "விசாரணை முடியற வரைக்கும் நிதியை நிறுத்தறேன். உங்களுக்கு நஷ்டம்தான், மன்னிக்கணும்மா."

சுதா அவரை நேராகப் பார்த்தாள்.

"நிறுத்துங்க. அது உங்க காசு. ஆனா அங்க வலை போடறதில்லன்றது எங்க ஊர்க்கட்டு. காசு வந்தாலும் வராங்காட்டியும் மாறாது. திரும்பக் குடுக்கறதா இருந்தா எங்கள உக்கார வெச்சுப் பேசி குடுங்க. இனிமே எங்க ஏரியப் பத்தி எங்களுக்குத் தெரியாம எவனும் ஒண்ணும் எழுதக் கூடாது."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அன்று பிற்பகலே சங்கத்துப் பெண்கள் மூங்கில் வெட்டி, பழைய சிவப்புப் புடவைகளைக் கிழித்து எல்லைக் கொடி கட்டி, படகில் ஏற்றினார்கள். ஜோயல் கரையில் தயங்கி நின்றார்.

"நானும் வரலாமா?"

"ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க சார்" என்றாள் சுதா. "கழி நட ஆள் வேணும்."